தாத்தா படத்தை யாரிடம் கொடுப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

தீபாவளிக்கு வீடு கழுவும்போதுதான் இந்தக் கேள்வி கிளம்பும். சுவரில் இருந்து தாத்தா படத்தை இறக்கினால் கண்ணாடிக்குள்ளே ஒரு மூலை வெளுத்திருக்கும், கன்னத்தில் பூஞ்சை ஏறியிருக்கும். உடனே வீட்டில் ரெண்டு கட்சி. "டவுன்ல குடுத்தா புதுசாக்கிக் குடுப்பாங்க" என்பது ஒன்று. "போன்லயே செஞ்சிரலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்பது இன்னொன்று. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருந்து என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் மாட்டும் படம் வேறு, ஆதாரமாக வைக்கும் படம் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் முடித்துவிடப் பார்ப்பதால்தான் காசும் போகிறது, தாத்தாவின் முகமும் போகிறது.

ஆதாரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு முதல் படமே ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, எடுத்ததுதான். 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அவசரகாலம் அறிவித்தார்கள், அதே ஆண்டில் அடையாள அட்டையும் வந்தது. ஸ்டூடியோ வாசலையே மிதிக்காதவர்கள்கூடப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் இடிந்தன, சனம் தாமான் என்ற குடியிருப்பு வீடுகளுக்கு மாறியது. பழைய கோயிலும் லயத்து வாசலும் இப்போது சில குரூப் போட்டோக்களின் பின்னணியில் மட்டும்தான் நிற்கின்றன. படத்தைச் 'சுத்தம்' செய்பவர்கள் முதலில் துடைத்துப் போடுவதும் அந்தப் பின்னணியைத்தான்.

முதலில் சேதம் எது என்று பாருங்கள்

படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாதது சாய்த்தால் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில், கரும்பகுதிகளின் ஓரத்தில் நீலங்கலந்த உலோக மினுமினுப்பு தெரிந்தால் அது அழுக்கு இல்லை. படத்தை உண்டாக்கிய வெள்ளியே ஈரத்தாலும் காற்றில் உள்ள வேதிப்பொருள்களாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மேற்பரப்புக்கு ஏறி வந்து படிந்திருக்கிறது. அழுத்தித் துடைத்தால் படமும் கூடவே வரும். படம் முழுக்க மஞ்சளாகி மங்கிப் போயிருந்தால், அன்றைக்கு இருட்டறையில் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ மருந்து சரியாகக் கழுவப்படாமல் தாளிலேயே தங்கிவிட்டது ஒரு முக்கியக் காரணம். வீட்டில் வைத்திருந்தவர்கள் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

பூஞ்சை நம் ஊரின் நிரந்தர எதிரி. படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். விலங்கின் எலும்பு, தோலில் இருந்து எடுப்பது. பூஞ்சைக்கு நல்ல தீனி. காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே அது வளரத் தொடங்கும்; நமக்கோ 80 என்பது சாதாரண நாள். மேற்பரப்பு மட்டும் சுரண்டியது போலத் திட்டுத் திட்டாகப் போயிருந்தால் அது ராமபாணப் பூச்சியின் வேலை.

கலர் படங்கள் தனிக் கதை. கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, கலர் படத்தில் இருப்பது சாயம். வெயிலே படாமல் அலமாரிக்குள் கிடந்தாலும் சாயம் தானாக மங்கும். எழுபதுகளில் எடுத்த படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முந்திக்கொண்டு போய்விடுவதால் எல்லாரும் சிவந்து தெரிகிறார்கள். ஐம்பதுகளின் தாத்தா படத்துக்கு எல்லாரும் பதறுகிறார்கள். பெற்றோரின் 1978 கல்யாண ஆல்பம் அதைவிட வேகமாகச் செத்துக்கொண்டிருப்பது கண்ணில் படுவதே இல்லை. வரிசை போட்டால் நான் ஆல்பத்தைத்தான் முதலில் எடுப்பேன்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டிய படங்களில் சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் பெரும்பாலும் கண்ணாடியில்தான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே பாதிப் படம் 'சரியாகிவிடும்'. கண்ணாடி இல்லாத படத்தில் நேராக வைத்த சந்தனப் பொட்டுதான் வில்லங்கம். ஈரத்தோடு வைத்தது ஜெலட்டினுக்குள் இறங்கிவிடும்.

சேதமே இல்லாத சேதங்களும் உண்டு. பழைய பிலிம்களில் பல சிவப்பு ஒளியைப் பதிவு செய்யாதவை. அதனால் குங்குமம் கறுப்பாக விழும், அரக்குச் சேலை கறுப்புச் சேலையாகும், மாநிறத்துக்காரரும் அட்டைக் கறுப்பாகத் தெரிவார். பாட்டியின் காது தோள் வரை தொங்குகிறதா? பாம்படம் போட்டு வளர்த்த காது அது. கன்னத்துப் புள்ளிகள் அம்மைத் தழும்பாக இருக்கலாம், முன்கையின் கறை பச்சை குத்தியதாக இருக்கலாம். இவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

எதை வைத்து எடை போடுவது

விலையை வைத்துத் தொடங்காதீர்கள். நான் பார்ப்பது இந்த வரிசையில்: செய்த வேலை பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? முடிந்து வரும் முகம் அதே ஆளின் முகம்தானா? அசல் தாள் வேலை நடக்கும்போது யார் கையில் இருக்கும்? வேலை முடிந்ததும் நம் கைக்கு என்ன வரும், வெறும் பிரிண்டா, கோப்புமா? கடைசியாகத்தான் காசும் நேரமும்.

எந்த வழிக்குப் போவதானாலும் ஒரு வேலை பொது. அசலை முதலில் நகல் எடுத்துவிடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை, தோட்டத்தின் பெயர், யாரோ பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் பின்னால்தான் இருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது. மங்கிய பிரிண்டைவிட அதில் விவரம் அதிகம். நெகட்டிவில் புளித்த காடி வாடை அடித்தால் மற்றவற்றில் இருந்து பிரித்து வையுங்கள். அதன் அடிப் பிலிமே சிதையத் தொடங்கிவிட்டது.

வழி 1: நாமே ஸ்கேன் செய்து சரிசெய்வது

திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு முழு மதிப்பெண். அசலில் கையே படாது, வேலையெல்லாம் நகலில். முகத்தில் எதைத் தொடுகிறோம் என்பதும் நம் கையில்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். இதற்குக் காரணம் உண்டு. மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல ஒளியைத்தான் விழுங்கும். ஸ்கேன் செய்த கோப்பை ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், நீலத்தில் அட்டையாய் ஒட்டியிருக்கும் தேநீர்க் கறை சிவப்பில் கிட்டத்தட்ட மறைந்தே போயிருக்கும். சிவப்பை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், தூரிகையால் ஒரு புள்ளியும் தொடாமல் கறையில் பெரும்பகுதி காலி. எதையும் கற்பனையாக வரையவில்லை. படத்தில் இருந்ததைத்தான் எடுத்தோம். மொபைல் ஆப் எதுவும் இவ்வளவு நேர்மையாக இதைச் செய்வதில்லை.

அளவு முக்கியம். குரூப் போட்டோவில் ஒருவர் முகம் 5 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அந்த முகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 60 புள்ளி, 1200-இல் 236. சாதாரண அஞ்சலட்டை அளவுக்கு 600 போதும். ஐசி படத்துக்கும் குரூப் போட்டோவுக்கும் 1200 வையுங்கள். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். அண்ணனுக்கு வாட்சாப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள். இல்லாவிட்டால் அது பிழிந்து சக்கையாக்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஸ்கேனரில் இருக்கிறது. மெலிதாக, யூஎஸ்பியில் ஓடும் மலிவு ஸ்கேனர்கள் தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால்தான் தெளிவாக எடுக்கும். சுருண்ட படமும், சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படமும் அதில் மங்கலாகத்தான் விழும். அப்படிப்பட்டவற்றைக் கேமராவிலோ கைப்பேசியிலோ எடுப்பது மேல். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். கூகளின் போட்டோஸ்கேன் செயலி பல கோணங்களில் எடுத்து ஒட்டி, கண்ணாடிப் பளபளப்பைக் குறைத்துத் தரும். அவசரத்துக்கு அது போதும். எழுபதுகளின் சொரசொரப்பான தாளில் அச்சான படங்களை ஸ்கேனரில் வைத்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். அதற்கும் கேமராதான்.

இன்னொரு செலவு நேரம். கறை போக்குவது எளிது. கிழிந்த கோடு உதட்டின் குறுக்கே போயிருந்தால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால், படங்கள் நிறைய இருந்தால், இதுதான் நல்ல வழி. ஒரே ஒரு படத்துக்காக ஸ்கேனர் வாங்காதீர்கள்.

வழி 2: டவுன் போட்டோ கடை

பழைய கைகள் இருக்கும் கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். தூரிகையால் கறை தொட்டவர்களுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும். கடையின் பெரிய பலம், நம் வழக்கம் அவர்களுக்கு அத்துபடி. தாத்தாவின் ஐசி படத்தையும், பாட்டி ஒரு கல்யாணத்தில் நின்ற படத்தையும் வெட்டி ஒட்டி ஜோடியாக்கித் தருவார்கள். இருவரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத வீடுகளுக்கு இது பெரிய காரியம். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பின்னால் 'இரண்டு படம் சேர்த்தது' என்று எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள்.

கேட்காவிட்டால் கிடைப்பதுதான் சிக்கல். சொல்லாமலே தாத்தாவுக்குக் கோட்டு மாட்டிவிடுவார்கள், பின்னால் நீல வானம் வந்துவிடும், தோல் இரண்டு சுற்று வெளுக்கும். இப்போது சில கடைகளில் உள்ளே நடப்பதும் செயலியைத் தட்டும் வேலைதான்; அப்படியென்றால் வீட்டிலேயே செய்திருக்கலாம். 'கையால செய்வீங்களா, ஆப்லயா?' என்று நேராகவே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கொடுக்கும்போது பேச வேண்டியது இவ்வளவுதான்: என் கண் முன்னால் ஸ்கேன் செய்து அசலை இப்போதே தந்துவிட வேண்டும். தொடாத ஸ்கேன், சுத்தம் செய்தது இரண்டுமே கோப்பாக வேண்டும். பின்னணியையும் உடுப்பையும் தொடக்கூடாது. அசலை லேமினேட் செய்யவே கூடாது. கடைசி வரியை இரண்டு தடவை சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முயன்றால் படம் பிளாஸ்டிக்கோடு போய்விடும்.

விலை சேதத்தைப் பொறுத்து மாறும். முகத்தின் குறுக்கே கிழிந்ததுக்கும் ஓரத்தில் மஞ்சளானதுக்கும் ஒரே கூலி சொல்லும் கடையில் எனக்கு நம்பிக்கை வராது. ஈப்போ வரை போய்க் கேட்டுப் பார்ப்பதும் வீண் இல்லை.

வழி 3: செயற்கை நுண்ணறிவுச் செயலி

மலிவு, வேகம், பார்த்தவுடன் கண் கலங்க வைக்கும். அந்தக் கண்ணீரை நம்பி ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் எங்கே பயன்படுத்தலாம் என்பது தானே விளங்கும். முகம் சீராக்கும் மாதிரிகளில் பெயர்பெற்றவை 2021-இல் வந்த ஜிஎஃப்பிகானும் 2022-இல் வந்த கோட்ஃபார்மரும். இரண்டுக்கும் பாடம் ஃபிளிக்கர் தளத்தில் இருந்து திரட்டிய 70,000 முகப்படங்கள். மங்கிய முகத்தைக் கொடுத்தால் அவை துடைப்பதில்லை. 'இப்படி ஒரு மங்கலுக்குப் பின்னால் எப்படிப்பட்ட முகம் இருக்கக்கூடும்' என்று ஊகித்துப் புதிதாக வரைகின்றன. ஊகிக்கும்போது கற்றதையே வரையும். பாம்படக் காது கற்றதில் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதை முடியாக்கும் அல்லது குட்டையாக்கும். மூக்குத்தி ஒரு கறையாகிக் காணாமல் போகும். அம்மைத் தழும்பு வழுவழுப்பாகும். வண்ணம் ஏற்றச் சொன்னால், கறுப்பாய் விழுந்த அரக்குச் சேலை கறுப்பாகவே இருக்கும். அதற்கு அந்த பிலிமின் குணம் தெரியாதே.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் முகம், சில வீடுகளில், ஒரு குரூப் போட்டோவின் மூன்றாம் வரிசையில் நகக்கண் அளவுதான் இருக்கிறது. அதைச் செயலியில் போட்டால் ஒரு வாட்டசாட்டமான ஆண் வருவார். யார் என்று கேட்காதீர்கள், யாருமே இல்லை. அப்படிப்பட்ட முகத்தைப் பெரிதாக்கினால் மங்கலாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

ஆனாலும் ஒதுக்கிவிட மாட்டேன். முகம் ஏற்கெனவே தெளிவாக இருந்து, பின்னணியில் மட்டும் கீறலும் புள்ளியும் நிறைய இருந்தால், முகத்தை விட்டுவிட்டு மற்றதைச் செயலியிடம் கொடுங்கள். ஒரு மாலை நேரம் மிச்சம். கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் உண்டு: 0 பக்கம் நகர்த்தினால் அழகு கூடும், 1 பக்கம் நகர்த்தினால் கொடுத்த படத்துக்கு நெருக்கமாக வரும். 1-ஐ ஒட்டியே நில்லுங்கள். வந்ததைத் தொடாத ஸ்கேன் மேல் பாதி ஒளிபுக வைத்துப் பொருத்திப் பாருங்கள். கண்ணும் காதும் விரல்களும் நகர்ந்திருந்தால் தெரிந்துவிடும். அப்புறம், அவரோடு பழகிய ஒரு பெரியவரிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். 'யாரு இது?' என்று கேட்டால் முடிவு தெரிந்துவிட்டது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. 'இலவசம்' என்பது பெரும்பாலும் சின்ன அளவுக்குத்தான். பெரிதாக எடுக்கச் சந்தா கேட்கும், நிறுத்த மறந்தால் மாதாமாதம் காசு கழியும். ஏற்றிய முகத்தை நிறுவனம் என்ன செய்யலாம் என்பது விதிமுறையில் இருக்கும்; உயிரோடிருக்கும் குழந்தைகளின் படம் என்றால் படிக்காமல் ஏற்றாதீர்கள்.

வழி 4: அசல் தாளையே சரிசெய்யும் நிபுணர்

மேலே சொன்ன மூன்றும் படத்தின் உருவத்தைச் சரிசெய்பவை. இவர் தொடுவது பொருளை. கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டுவார். பின்னாளில் ஈரம் காட்டி எடுத்துவிடலாம், அதுதான் அந்தப் பசையின் அழகு. சுருண்டதை ஈரக்காற்று காட்டி நிதானமாக விரிப்பார், பூஞ்சையை அகற்றுவார், கண்ணாடியில் ஒட்டியதைப் பிரிக்க முடியுமா என்று சோதிப்பார். மங்கிய படத்தைக் கறுப்பாக்கித் தருவாரா என்றால், மாட்டார். போன வெள்ளி போனதுதான். மருந்தில் முக்கித் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆள் கிடைப்பது அரிது, தலைநகர் வரை போக வேண்டியிருக்கலாம், கூலி நேரக் கணக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு படம், அதுவும் வேறு பிரதியே இல்லாதது, தோட்டத்தின் வரலாற்றுக்கே முக்கியமானது என்றால் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இந்தப் பணத்தில் நல்ல ஸ்கேனும் நல்ல பெட்டியும் கிடைத்துவிடும்.

ஒரே பார்வையில்

| | நாமே | கடை | செயலி | நிபுணர் |
|---|---|---|---|---|
| அசலுக்கு ஆபத்து | இல்லை | கையைவிட்டுப் போனால், லேமினேட் செய்தால் உண்டு | இல்லை | குறைவு, ஆனால் உண்டு |
| முகம் மாறுமா | நாம் தொட்டால்தான் | ஆளைப் பொறுத்தது | பெரும்பாலும் மாறும் | மாறாது |
| மறைந்த செலவு | ஸ்கேனர், நேரம் | கேட்காமல் சேர்க்கும் கோட்டும் வானமும் | சந்தா, முகத்தரவு | பயணம், காத்திருப்பு |
| பொருந்தும் இடம் | கறை, மஞ்சள், நிறைய படங்கள் | ஜோடிப் படம், முகத்தின் குறுக்கே கிழிசல் | பின்னணிக் கீறல், சுவர்ப்படம் | பூஞ்சை, ஒட்டியது, ஒரே பிரதி |

எந்த வீட்டுக்கு எது

கருமாதிக்கு நாளை படம் வேண்டும் என்றால் செயலியோ கடையோ, தயங்காதீர்கள். அது சுவர்ப்படம், தொடாத ஸ்கேன் பத்திரமாக இருந்தால் போதும். குடியுரிமை விண்ணப்பத்தோடு பழைய தோட்டப் படத்தை இணைக்கிறீர்கள் என்றால் எதையும் சீராக்க வேண்டாம், முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து அப்படியே கொடுங்கள். திருத்திய படம் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

வெள்ளத்தில் நனைந்த படங்களுக்கு இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வீடு வீடாக ஆல்பங்கள் நனைந்தன. நனைந்த ஜெலட்டின் கூழ்போல் மெத்தென்று இருக்கும், படப் பக்கத்தில் விரல் வைக்கக் கூடாது. சேறு இருந்தால் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, படப் பக்கம் மேலே பார்க்க நிழலில் காய வையுங்கள். இரண்டு நாளைக்குள் காயவைக்க முடியாத அளவுக்கு நிறைய இருந்தால், இடையில் மெழுகுத்தாள் வைத்து ஐஸ்பெட்டியில் உறைய வைத்துவிட்டால் பூஞ்சை ஏறாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

சரிசெய்த பிறகு அசலைத் திரும்பச் சுவரில் மாட்டாதீர்கள், நகலை மாட்டுங்கள். அசலுக்குக் கேமரா வைக்கும் டிரை பாக்ஸ் (ஈரம் குறைக்கும் பெட்டி) நல்ல இடம், ஈரப்பதத்தை 40 விழுக்காட்டைச் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வாங்கும்போது மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டின் வாடை அடித்தால் அது பிவிசி, வேண்டாம்.

எண்பதுகளில் எல்லார் வீட்டிலும் இருந்த ஒட்டும் ஆல்பம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தப் பசை வருடக் கணக்கில் படத்தை மஞ்சளாக்கும், கழற்றுவதுதான் நல்லது. ஆனால் நகத்தால் நெம்பாதீர்கள், ஹேர் டிரையரால் சூடும் காட்டாதீர்கள். முதலில் பக்கத்தை முழுசாக ஸ்கேன் செய்துவிட்டு, மெழுகு பூசாத பல் நூலைப் படத்தின் மூலைக்கு அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக அறுப்பது போல இழுத்துக்கொண்டே போங்கள். பாதியில் இறுகினால் அங்கேயே நிறுத்தி, அந்தப் படத்தைச் சுற்றிப் பக்கத்தையே வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.